ரோம் ஒரே நாளில்: கதவு திறக்கும் நேரம் பார்த்து நடக்கும் வழி

ரோமுக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்குபவர்களை ஏமாற்றுவது தூரம் இல்லை. பழைய நகரின் பெரிய இடங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று கால் மணி, அரை மணி நடையில் இருக்கின்றன. ஏமாற்றுவது கடிகாரம்தான். சிறிய தேவாலயங்கள் பலவும் பகல் 12:30 வாக்கில் கதவைச் சாத்தினால் 3 அல்லது 4 மணிக்குத்தான் மறுபடி திறக்கும். நல்ல உணவகத்தின் அடுப்பு 3 மணிக்கு அணைந்தால் இரவு 7:30 வரை மூட்ட மாட்டார்கள். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் நண்பகலில், பண்டைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரத்தின் இடிபாடுகளில் நிற்க முடியாது. இந்த மூன்றையும் கணக்கில் வைத்து நாளை அடுக்கினால் ரோம் ஒரு நாளுக்குள்ளும் தாராளமாக விரியும். அடுக்காவிட்டால் மூடிய கதவு, நீண்ட வரிசை, ஆறிப்போன பாஸ்தா என்று நாள் போய்விடும்.

முதல் முடிவு: வத்திக்கானை இந்த நாளில் சேர்க்காதீர்கள். அருங்காட்சியகமும் புனித பேதுரு பேராலயமும் வரிசையோடு சேர்த்து அரை நாளைத் தின்றுவிடும். அதையும் கொலோசியத்தையும் ஒரே நாளில் திணித்தால் இரண்டுமே மனதில் தங்காது.

கிழமையும் முக்கியம். செவ்வாய் முதல் வியாழன் வரை சிறந்தது. வெள்ளிக்கிழமைகளில் போக்குவரத்து வேலைநிறுத்தம் அடிக்கடி வரும். சனிக்கிழமை பழைய யூதர் குடியிருப்பில், யூத மத விதிப்படி சமைக்கும் கோஷர் உணவகங்கள் மூடியிருக்கும். ஞாயிறு காலை தேவாலயங்களில் வழிபாடு நடப்பதால் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு கொலோசியம் இலவசம் என்று ஆசைப்பட வேண்டாம். அன்று முன்பதிவு கிடையாது, வரிசை மிக நீளும். ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய நாட்களில் உள்ளூர்க்காரர்கள் ஊரைவிட்டுப் போய்விடுவதால் நல்ல கடைகள் பல பூட்டியே கிடக்கும்.

முன்பே செய்ய வேண்டியவை

கொலோசியம் டிக்கெட் பெரியவர்களுக்கு 18 யூரோ. கொலோசியத்துக்கு மட்டும் நேரம் குறித்திருக்கும். அதே டிக்கெட்டில் 24 மணி நேரத்துக்குள் ஃபோரத்துக்கும் பாலடைன் குன்றுக்கும் ஒரு முறை போகலாம். அதிகாரபூர்வத் தளத்தில் 30 நாள் முன்னதாக விற்பனை திறக்கும். காலை நேரங்கள்தான் முதலில் தீரும். டிக்கெட்டில் பெயர் இருக்கும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைப் பதியுங்கள். முதலெழுத்து எங்கே போடுவது என்ற குழப்பத்தில் பெயர் மாறிப்போனால் வாசலில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டிவரும். 18 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை, ஆனாலும் அவர்களுக்கும் டிக்கெட் பதிவு செய்ய வேண்டும். அரங்கத் தரை, நிலவறை சேர்த்த கூடுதல் விலை டிக்கெட்டும் உண்டு. ஒரு நாள் பயணத்துக்குச் சாதாரண டிக்கெட்டே போதும்.

பண்டைய ரோமானியக் கோயிலான பாந்தியனுக்குக் கட்டணம் 5 யூரோ. அதையும் இணையத்தில் எடுத்துவிடுங்கள்.

உடை: தேவாலயங்களுக்குள் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். கோடையில் கையில்லாத சட்டை போட்டால் ஒரு துப்பட்டா கைவசம் இருக்கட்டும். காலணி இதைவிட முக்கியம். ரோமின் தெருக்களில் பாவியிருப்பது சிறு சதுரமான கருங்கற்கள். இடைவெளிகளில் குதிகால் சிக்கும், மழை பெய்தால் வழுக்கும். அன்று எப்படியும் 10 கிலோமீட்டருக்குக் குறையாமல் நடப்பீர்கள். தடித்த அடியுள்ள, ஏற்கெனவே பழகிய ஷூ போடுங்கள். பெரிய முதுகுப்பையும் கண்ணாடிப் பாட்டிலும் கொலோசியத்துக்குள் அனுமதி இல்லை. சாதாரண அரை லிட்டர் பாட்டில் ஒன்று போதும். நகரெங்கும் தெருவோரம் நாசோனே என்ற இரும்புக் குழாய்கள் நாள் முழுக்கக் குளிர்ந்த குடிநீரைக் கொட்டிக்கொண்டிருக்கின்றன. 1874 முதல் இருக்கும் ஏற்பாடு இது. குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளையிலிருந்து நீர் எழும்பும், குனியாமல் குடிக்கலாம். கடையில் தண்ணீர் வாங்கத் தேவையே இல்லை.

காலை 7:45: கவூர் நிலையம்

மெட்ரோ பி வழித்தடத்தில் கவூர் நிலையத்தில் இறங்குங்கள். பயண டிக்கெட் 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும், அதற்குள் மெட்ரோ ஒரு முறைதான். தொடுவசதி உள்ள வங்கி அட்டையை நுழைவுக் கதவில் காட்டினாலும் போதும். ஆனால் ஒருவருக்கு ஓர் அட்டை. ஒரே அட்டையை இரண்டு பேருக்கு அடுத்தடுத்துத் தேய்த்தால் இரண்டாமவர் டிக்கெட் இல்லாதவராகவே கருதப்படுவார். பேருந்தில் ஏறியதும் டிக்கெட்டைப் பதிவு இயந்திரத்தில் முத்திரையிட மறக்கக் கூடாது. கையில் டிக்கெட் இருந்தும் முத்திரை இல்லையென்றால் அபராதம் 50 யூரோவைத் தாண்டும்.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஏதாவது ஒரு பாரில் நின்றபடியே காபி குடியுங்கள். இங்கே பார் என்பது காபிக் கடை. பல இடங்களில் முதலில் காசாளரிடம் பணம் கட்டி, ரசீதைக் கவுண்டரில் வைத்துக் கேட்க வேண்டும். வெறுமனே காஃபே என்றால் எஸ்பிரஸ்ஸோ வரும். நின்று குடித்தால் ஒன்றேகால், ஒன்றரை யூரோ. அதே காபிக்கு மேசையில் உட்கார்ந்தால், சுற்றுலா இடங்களில், மூன்று மடங்குகூட ஆகலாம். விலைப்பட்டியலில் இரண்டு விலை போட்டிருப்பார்கள், உட்காருமுன் பாருங்கள். கூடவே மாரித்தொஸ்ஸோ கிடைத்தால் விடாதீர்கள். நடுவில் கீறி, அடித்த கிரீமை வழிய வழிய நிரப்பிய மென்மையான பன் அது, ரோமின் சொந்தப் பலகாரம்.

அங்கிருந்து படிக்கட்டு ஏறி, ஒரு பழைய மாளிகைக்கு அடியில் குகைபோல் போகும் வழியாக மேலே வந்தால் சான் பியெத்ரோ இன் வின்கோலி தேவாலயம். காலை 8 மணிக்குத் திறக்கும், கட்டணம் இல்லை. மைக்கலாஞ்சலோவின் மோசே சிலை இங்கேதான். போப் இரண்டாம் ஜூலியஸின் கல்லறைக்காக 1505இல் பிரம்மாண்டமாகத் திட்டமிட்டு, சுருங்கிச் சுருங்கி 1545இல் முடிந்த வேலை. வலது முன்கையைப் பாருங்கள். சுண்டுவிரல் லேசாகத் தூக்கியிருப்பதால், அந்த விரலை உயர்த்தும் தசை மட்டும் முழங்கையோரம் தனியாகப் புடைத்திருக்கிறது. பத்து மணிக்குமேல் குழுக்கள் வந்து நிறைந்துவிட்டால் இவ்வளவு நிதானமாகப் பார்க்க முடியாது. அரை மணி கொடுங்கள்.

காலை 9 மணி: கொலோசியம்

கொலோசியம் 8:30க்குத் திறக்கிறது. 9 மணி டிக்கெட் நல்லது. 8:40க்கே வாசலில் இருங்கள், பாதுகாப்புச் சோதனைக்குத் தனி வரிசை. போர்வீரர் வேடம் போட்டவர்களுடன் படம் எடுத்துக்கொண்டால் பிறகு பணம் கேட்பார்கள். கையில் கயிறு கட்டி 'பரிசு' என்பவரிடமும் நிற்காமல் நடந்துவிடுங்கள்.

கி.பி. 80இல் பேரரசர் டைட்டஸ் திறந்துவைத்த அரங்கம். உள்ளே போகும்முன் வடக்குப் புறத்து வெளிச்சுவரை அண்ணாந்து பாருங்கள். தரைத்தள வளைவுகளின் உச்சியில் ரோமன் எண்கள் செதுக்கியிருக்கும். 80 வளைவுகளில் 76க்கு எண் இருந்தது. இன்று 23 முதல் 54 வரை நிற்கின்றன. பார்வையாளர் கையில் இருந்த அடையாள வில்லையில் அந்த எண் இருக்கும், அந்த வாசல் வழியேதான் தன் இருக்கைக்குப் போவார். சுவரெங்கும் அம்மைத் தழும்புபோல் தெரியும் குழிகள், கற்களைப் பிணைத்திருந்த இரும்புக் கவ்விகளை இடைக்காலத்தில் தோண்டி எடுத்த தடங்கள். தெற்குப் பக்க வெளிவளையம் இல்லாமல் போனதற்கு 1349 நிலநடுக்கம் முக்கியக் காரணம். விழுந்த கற்கள் நகரின் மாளிகைகளுக்குள் போய்விட்டன.

உள்ளே ஒரு மணி நேரம் போதும். முதலில் மேல்தளம் ஏறிவிட்டு, இறங்கும்போது கீழ்த்தளத்தைப் பாருங்கள். கழிப்பறை உள்ளே உண்டு. ஃபோரத்தில் குறைவு, ஆகவே இங்கேயே போய்விடுங்கள்.

10:15: ஃபோரமும் பாலடைனும்

டைட்டஸ் வளைவின் உட்புறத்தில், ஜெருசலேம் ஆலயத்திலிருந்து கொள்ளையடித்த ஏழு கிளை விளக்கை வீரர்கள் சுமந்து வரும் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் பாலடைன் குன்றில் ஏறுங்கள். வெயில் ஏறுமுன் ஏற்றத்தை முடித்துவிட வேண்டும். மேலிருந்து ஃபோரம் முழுவதும் வரைபடம் விரித்ததுபோலத் தெரியும். கீழே இறங்கிய பிறகு எது எது என்று குழப்பம் வராது.

ஃபோரத்தில் பலரும் தவறுவது இங்கேதான்: வெறும் கற்குவியல் என்று அலுத்து அரை மணியில் வெளியேறிவிடுகிறார்கள். எல்லாவற்றையும் பார்க்க முயலாமல் மூன்று இடங்களில் நில்லுங்கள்.

முதலாவது, பேரரசர் அந்தோனினஸ், அவர் மனைவி ஃபௌஸ்தினா இருவருக்குமான கோயில். பத்துத் தூண்களுக்குப் பின்னால் ஒரு தேவாலயம் இருக்கிறது, அதன் கதவு மட்டும் எட்ட முடியாத உயரத்தில் தொங்குகிறது. அந்தக் கதவு வைத்த காலத்தில் தரை அங்கேதான் இருந்தது. நூற்றாண்டுகளின் மண்ணும் இடிபாடும் ஃபோரத்தை அந்த அளவுக்கு மூடியிருந்தன. தோண்டியெடுத்த பிறகு கதவு அந்தரத்தில் நின்றுவிட்டது. தூண்களின் மேற்பகுதியில் சாய்வாக வெட்டிய பள்ளங்கள் தெரியும். கயிறு கட்டி இழுத்துத் தள்ள முயன்ற அடையாளம் என்கிறார்கள்.

இரண்டாவது, ஜூலியஸ் சீசரின் உடலை எரித்த இடத்தில் எழுந்த கோயிலின் எச்சம். தகரக் கூரைக்குக் கீழே ஒரு மண்மேடு, அவ்வளவுதான். இன்றும் யாராவது பூ வைத்துவிட்டுப் போகிறார்கள்.

மூன்றாவது, பேரரசர் செப்டிமியஸ் செவெரஸின் வளைவு, கி.பி. 203. உச்சியிலுள்ள கல்வெட்டின் நான்காம் வரியைக் கவனியுங்கள். பழைய எழுத்துகளின் துளைகள் புதிய எழுத்துகளோடு பொருந்தாமல் இருக்கும். அங்கே செவெரஸின் இளைய மகன் கெட்டாவின் பெயர் இருந்தது. அண்ணன் கராகல்லா அவனைக் கொன்றுவிட்டுப் பெயரையும் பெயர்த்தெடுத்து, அந்த இடத்தைப் புகழ்மொழியால் நிரப்பினான்.

12:15க்குள் காம்பிதோலியோ குன்றின் பக்கம் வெளியேறுங்கள். எந்த வாசல் திறந்திருக்கிறது என்பது மாறும், உள்ளே நுழையும்போதே ஊழியரிடம் கேட்டு வையுங்கள். ஒரு முறை வெளியே போனால் திரும்ப நுழைய முடியாது. குன்றின் மேல் மைக்கலாஞ்சலோ வடிவமைத்த சதுக்கம். அதன் நடுவே நிற்கும் குதிரைவீரர் மார்க்கஸ் அரேலியஸ் நகல்தான், அசல் பக்கத்து அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. நடுக் கட்டடத்தின் இரு பக்கமும் போகும் பாதைகளில் நடந்தால், இதுவரை சுற்றிய ஃபோரத்தைக் காசில்லாமல் மேலிருந்து பார்க்கலாம்.

12:45: சாப்பாடு

தேவாலயங்கள் மூடும் நேரம். சாப்பிட இதைவிடச் சரியான பொழுது இல்லை. குன்றிலிருந்து பத்து நிமிட நடையில் பழைய யூதர் குடியிருப்பு. 1555இல் போப்பின் ஆணையால் சுவர் கட்டி அடைத்து, 1870 வரை ஒடுக்கிவைத்த மக்களின் இடம். கையில் கிடைத்த எளிய பொருள்களை எண்ணெயில் பொரித்து அவர்கள் உருவாக்கிய சமையல் இன்று ரோமின் பெருமை. கார்ச்சோஃபி அல்லா ஜூதியா கேளுங்கள். முழுக் கூனைப்பூவை (ஆர்டிசோக்) இரண்டு முறை எண்ணெயில் பொரித்து, இதழ்கள் மலர்ந்து பொன்னிறமாக விரியும்படி எடுப்பது. இதழ்கள் மொறுமொறுவென்றும் நடுப்பகுதி வெண்ணெயாகவும் இருக்க வேண்டும். இதழ் துவண்டு எண்ணெய் கசிந்தால் முன்பே பொரித்து வைத்தது என்று அர்த்தம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் உள்ளூர்க் கூனைப்பூவின் பருவம்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு இந்தத் தெரு இன்னொரு வகையிலும் உதவும். கோஷர் முறையில் பாலும் இறைச்சியும் ஒரே சமையலறையில் சேரக் கூடாது. ஆகவே பால் உணவு பரிமாறும் கோஷர் கடையில் இறைச்சி அறவே இருக்காது. மீன் மட்டும் இருக்கும்.

செலவைக் குறைக்க வேண்டுமா? பீட்சா அல் தாலியோ. நீளத் தட்டுகளில் சுட்டு வைத்த பீட்சாவைக் கேட்ட அளவு வெட்டி, எடை போட்டுத் தருவார்கள். விலை கிலோவுக்கோ 100 கிராமுக்கோ எழுதியிருக்கும், எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கத்தியை எங்கே வைக்க வேண்டும் என்று விரலால் காட்டுங்கள். ஒருவருக்கு 250 முதல் 300 கிராம் வயிறு நிறையும். ரோஸ்ஸா என்பது தக்காளி மட்டும், பியாங்கா என்பது எண்ணெயும் உப்பும் மட்டும். கூடவே சுப்ளி, அதாவது உள்ளே மொஸ்ஸரெல்லா பாலாடைக்கட்டி வைத்துப் பொரித்த சோற்று உருண்டை. வழக்கமான சுப்ளியில் இறைச்சிக் குழம்பு இருக்கும், சைவர்கள் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பூசணிப்பூப் பொரியலும் அப்படித்தான். பார்க்கச் சைவம், உள்ளே நெத்திலி.

2:15 முதல் 5:30 வரை

லார்கோ அர்ஜென்டினா சதுக்கத்தில் தெருமட்டத்துக்குக் கீழே நான்கு கோயில்களின் இடிபாடு. கி.மு. 44இல் சீசர் குத்துண்டு விழுந்த மண்டபத்தின் சுவர்ப்பகுதி அங்கே இருக்கிறது. இறங்கிப் பார்க்கத் தனிக் கட்டணம். மேலிருந்தே நன்றாகத் தெரியும், பத்து நிமிடம் போதும்.

ஐந்து நிமிடத்தில் பாந்தியன். நாளின் சிகரம் இதுதான், அவசரப்பட வேண்டாம். பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 125 வாக்கில் முடிந்த கட்டடம். கம்பி இல்லாத கான்கிரீட் குவிமாடங்களில் இன்றும் இதுவே உலகில் பெரியது. தரையிலிருந்து உச்சித் துளை வரை உயரம் 43.3 மீட்டர், உள்விட்டமும் அதே. ஒரு முழுக் கோளம் உள்ளே பொருந்தும். இத்தனை எடை எப்படி நிற்கிறது? மேலே போகப் போகக் கான்கிரீட்டில் கலந்த கல் லேசாகிறது. அடியில் கனமான கல், உச்சியில் நுரைக்கல். சுவரின் தடிமனும் அதே போல் குறைகிறது, உட்குழிந்த சதுரங்கள் இன்னும் எடையைக் குறைக்கின்றன. உச்சித் துளைக்கு மூடி இல்லை. மழை நேராக உள்ளே பெய்யும். பளிங்குத் தரை நடுவில் லேசாக மேடுகட்டியிருக்கிறது, நீர் வடியச் சிறு துளைகள் உண்டு, குனிந்தால் தெரியும். வெயில் நாளில் ஒளிவட்டம் சுவரில் நகர்வதை அரை மணி நேரம் நின்று பாருங்கள். 609இல் தேவாலயமாக மாறியதால்தான் இடிபடாமல் தப்பியது. ராஃபேலின் கல்லறையும் உள்ளே இருக்கிறது.

இரண்டு தெரு தள்ளி சான் லூயிஜி தெய் ஃப்ரான்சேஸி தேவாலயம். இது 2:30 வாக்கில் மறுபடி திறக்கும், கட்டணம் இல்லை. இடப்பக்கக் கடைசிச் சிற்றாலயத்தில் ஓவியர் கரவாஜ்ஜோ புனித மத்தேயுவைப் பற்றி வரைந்த மூன்று ஓவியங்கள். இருட்டாக இருந்தால் பக்கத்துப் பெட்டியில் காசு போட்டால் விளக்கு எரியும். 50 சென்ட், 1 யூரோ நாணயங்களைக் காலையிலேயே சேர்த்து வையுங்கள். இடது புற ஓவியத்தில் கிறிஸ்து நீட்டும் கைக்கு மேலே சாய்வாக வரும் ஒளியைப் பாருங்கள். அது அங்குள்ள உண்மையான ஜன்னல் இருக்கும் திசையிலிருந்தே விழுகிறது.

பியாஸ்ஸா நவோனா நீண்ட வடிவில் இருப்பதற்குக் காரணம், அது பேரரசர் டொமிஷியனின் ஓட்டப்பந்தய அரங்கின் மேல் எழுந்தது. நடுவில் சிற்பி பெர்னினியின் நான்கு நதிகள் நீரூற்று, 1651. நைல், தான்யூப், ரியோ தெ லா பிளாட்டா, நான்காவது நம் கங்கை. கையில் நீண்ட துடுப்போடு சாய்ந்திருக்கும் முதியவர்தான் கங்கை, கப்பல் ஓடும் நதி என்பதற்காக. இந்தச் சதுக்கத்தின் மேசைகளில் மட்டும் எதுவும் சாப்பிடாதீர்கள். நிற்பதற்கும் பார்ப்பதற்கும்தான் இந்த இடம்.

ஜெலாத்தோ என்ற இத்தாலிய ஐஸ்கிரீம் வேண்டுமென்றால் சந்துக்குள் போய், நிறத்தைப் பார்த்து வாங்குங்கள். பிஸ்தா மங்கிய பழுப்புப் பச்சையாகவும் வாழைப்பழம் வெளுத்தும் இருக்க வேண்டும். பளீரென்ற நிறமும் மலைபோல் குவித்த கிண்ணங்களும் செயற்கைச் சாயம், காற்று அடைத்த கலவை. மூடி போட்ட உலோகக் குடுவைகளிலிருந்து எடுத்துத் தரும் கடை பெரும்பாலும் ஏமாற்றாது.

மாலை: ஆற்றைக் கடந்து

காம்போ தெ ஃபியோரி வழியாகப் போங்கள். 1600இல் தத்துவவாதி ஜோர்தானோ புரூனோவை எரித்த இடம், 1889இல் வைத்த அவர் சிலை நிற்கிறது. தைபர் ஆற்றின் சிஸ்தோ பாலத்தைக் கடந்தால் டிராஸ்தேவெரே பகுதி. சாந்தா மரியா தேவாலயத்தின் 12ஆம் நூற்றாண்டுத் தங்க மொசைக் மாலையில் விளக்கு போட்டதும் அழகாக ஒளிரும்.

இரவுச் சாப்பாடு 7:30க்கு. அன்று காலையிலாவது இடம் பதிந்துவையுங்கள். வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்காத, படம் போட்ட மெனு இல்லாத கடையாகப் பாருங்கள். ரோமின் நான்கு பாஸ்தாக்களில் கார்போனாரா, அமாத்ரிச்சானா, க்ரிச்சா மூன்றிலும் பன்றிக் கன்னக்கொழுப்பு உண்டு. காச்சோ எ பெப்பே மட்டும் பாலாடைக்கட்டி, மிளகு, பாஸ்தா வெந்த நீர், வேறொன்றும் இல்லை. கிரீம் சேர்த்திருந்தால் அந்தக் கடைக்கு அடுத்த முறை போக வேண்டாம். பாலாடைக்கட்டி கட்டிகட்டியாகத் திரண்டிருந்தால் அதிகச் சூட்டில் கலந்துவிட்டார்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: இதில் சேரும் பெகோரினோ என்ற பாலாடைக்கட்டியை உறையவைப்பது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறையால். கண்டிப்பான சைவர்கள் பூண்டும் எண்ணெயும் போட்ட ஆல்யோ எ ஓலியோவையோ தக்காளிப் பாஸ்தாவையோ, மேலே பாலாடைக்கட்டி தூவ வேண்டாமென்று சொல்லிக் கேளுங்கள்.

கேட்டால்தான் பில் வரும். 'இல் கொந்தோ, பெர் ஃபவோரே' என்றால் போதும். ரொட்டிக்கு ஆளுக்கு ஒன்று, இரண்டு யூரோ சேர்ப்பது வழக்கம். டிப்ஸ் கட்டாயம் இல்லை. ஒரு பாஸ்தா, ஒரு காய்கறி, தண்ணீர் என்று ஆளுக்கு 20 முதல் 30 யூரோவில் முடியும்.

ட்ரெவி நீரூற்றைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் கூட்டம். பகலில் கைப்பேசிகளின் முதுகுதான் தெரியும். பத்து மணிக்குமேல் போனால் தண்ணீரின் இரைச்சலே கேட்கும். டிராஸ்தேவெரேயிலிருந்து அரை மணி நடை. 1762இல் முடிந்த நீரூற்று, ஆனால் அதற்கு வரும் கால்வாய் கி.மு. 19இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா வெட்டியது. பாந்தியன் முகப்பில் பெரிய எழுத்துகளில் பார்த்த அதே பெயர்க்காரர். வலது கையால் இடது தோளுக்குமேல் நாணயம் போடுவது வழக்கம், அந்தக் காசு காரித்தாஸ் அறநிறுவனத்துக்குப் போகிறது. தண்ணீரில் கால் வைத்தால் கடுமையான அபராதம். கூட்டத்தில் பணப்பை பின் பையில் இருக்கக் கூடாது.

திரும்ப, பார்பெரினி மெட்ரோ எட்டு நிமிடம். கடைசி ரயில் சாதாரண நாளில் 11:30, வெள்ளி, சனி இரவுகளில் 1:30. தவறிவிட்டால் எண்ணுக்கு முன்னால் 'என்' எழுத்துள்ள இரவுப் பேருந்துகள் பியாஸ்ஸா வெனேசியாவிலிருந்தும் டெர்மினி ரயில் நிலையத்திலிருந்தும் ஓடும். டாக்ஸி என்றால் வெள்ளை நிற வண்டி, மீட்டர் போட்ட பிறகே புறப்படச் சொல்லுங்கள்.